பலாக்கன்னும் எலி கடிச்ச ரெண்டு கவரும்

முதல்லயே ஒரு உண்மையச் சொல்லிடறேன். நான் விவசாயி இல்லைங்க. எங்க அப்புச்சி விவசாயி. எனக்கு வாய்ச்சது சிங்காநல்லூர்ல ஒரு மொட்டை மாடியும், அதுல ஒரு கருவேப்பிலைச் செடியும், காசு குடுத்து வாங்கி நானே பார்த்துப் பார்த்துச் சாகடிச்ச நாலு எலுமிச்சைக் கன்னும்தான். அப்புறம் எந்தத் தைரியத்துல மண்கலவையைப் பத்தி எழுத உக்காந்தேன்னு கேட்டா, 42 பலாக்கொட்டை குடுத்த தைரியம். அதுல 40 செத்துப் போச்சு. அந்தக் கதைதான் இது.

ஆனைமலைப் பக்கத்துல அப்புச்சி தோட்டத்துக் கெணத்து மேட்டுல ஒரு பலாமரம் இருந்துச்சு. வருக்கைப் பலா. சுளையைக் கடிச்சா கறுக்குனு சத்தம் வரும், கையில பிசுபிசுப்பு கம்மி, வாசம் மட்டும் கட்டுத்தரை வரைக்கும் வரும். லீவுக்குப் போற நாங்க எல்லாரும் அந்த மரத்தடியிலதான் கெடப்போம். அப்புச்சி காலத்துக்கு அப்புறம் தோட்டம் மாமா பங்குக்குப் போச்சு. 2021-ல மாமா அதை வித்துட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, தண்ணியில்லாத வருசங்களை எல்லாம் அவரு ஒருத்தரே சமாளிச்சவரு. வாங்கினவரும் நல்ல மனுசன். "சைட் போடற வேலைக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆகுமுங்க, அது வரைக்கும் பழம் பறிச்சுக்குங்க"ன்னுட்டாரு.

அமுச்சி மட்டும் ஒண்ணும் பேசல. 2022 ஜூன்ல மரத்துல இருந்து ரெண்டு பழம் கொண்டு வந்து அறுத்தப்போ, கையில எண்ணெயத் தடவிக்கிட்டே, "இனி இந்தப் பழத்த எங்க போயித் திங்கறது கண்ணு"ன்னு சொல்லுச்சு. கொட்டையை எல்லாம் குழம்புக்கு எடுத்து வெக்கப் போன அம்மாவைத் தடுத்து, "வேண்டாம், எல்லாத்தையும் நான் போட்டு மொளைக்க வெக்கறேன்"னு வீரவசனம் பேசினது நான்.

பலாக்கொட்டையில ஒரு சங்கடம் என்னன்னா, நெல்லு, ராகி மாதிரி காய வெச்சு டப்பாவுல போட்டு வெக்க முடியாது. ஈரம் காஞ்சா உயிர் போயிடும். வழவழப்புப் போகக் கழுவி, சில நாளைக்குள்ள மண்ணுல போட்டாகணும். அதனால எனக்கு யோசிக்க நேரமில்லை. யோசிச்சிருந்தாலும் வேற மாதிரி செஞ்சிருப்பேனான்னு தெரியல, ஏன்னா அப்போ எனக்கு இருந்த நம்பிக்கை ஒண்ணே ஒண்ணு: நல்ல சத்தான மண்ணா இருந்தாப் போதும், கன்னு தானா வரும்.

சத்தான மண்ணு எப்படித் தயார் பண்ணேன் தெரியுமா? வீட்டுக்குப் பின்னாடி காலி சைட்டுல இருந்து கரிசல் மண்ணு. பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லுல இருந்து மாமா சும்மா கொண்டு வந்து போட்ட ரெண்டு மூட்டை நார்த்தூள். பல்லடத்துக்காரர் ஒருத்தர் பழக்கத்துல கிடைச்ச ஒரு மூட்டை கோழிக்குப்பை, அதுவும் பண்ணையில இருந்து நேரா வந்தது, வண்டியில வர்றப்பவே கண்ணு எரிஞ்சுது. மூணையும் ஒட்டுக்காக் கொட்டிக் கலந்து, கறுப்பு பாலிதீன் கவர்ல ரொப்பி, அடியில ஊசியால நாலு குத்து குத்தி, கவருக்கு ஒரு கொட்டை வெச்சேன். காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி தண்ணி, சாயங்காலம் வந்து தண்ணி. பாசம் பொங்கி வழிஞ்ச காலம் அது.

மூணு வாரத்துல 31 மொளைச்சுது. போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிச்சேன். ஜூலைக் கடைசியில ஒவ்வொண்ணா மஞ்சளாச்சு. சத்து பத்தலையோன்னு இன்னுங் கொஞ்சம் கோழிக்குப்பையக் கரைச்சு ஊத்தினேன். (சிரிக்காதீங்க.) சில கன்னு இலை ஓரம் கருகி நின்னுச்சு. சிலது தண்டு மண்ணைத் தொடற எடத்துல கறுத்து, மெலிஞ்சு, ஒரு நாள் காலையில படுத்துக் கெடந்துச்சு. ஆகஸ்ட் முடியறப்போ ரெண்டே ரெண்டுதான் மிச்சம். அமுச்சி போன்ல கேக்கறப்பல்லாம் "நல்லா இருக்குது அமுச்சி"ன்னு பொய் சொல்லிட்டு இருந்தேன்.

அந்த ரெண்டு கன்னையும் ஒரு செத்த கன்னையும் கவரோட தூக்கிட்டு ஆழியாறு போற ரோட்டுல இருக்கற ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரருக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும். செத்த கவரை வாங்கி முதல்ல கையில தூக்கிப் பார்த்தாரு. அப்புறம் பிளேடால கவரைக் கிழிச்சாரு. உள்ளே அடிப்பாதி களி மாதிரி இருந்துச்சு. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு, எங்கிட்டயும் நீட்டினாரு. சாக்கடை நாத்தம்.

"ஏனுங் தம்பி, இதுல வேரு எங்கீங் மூச்சு விடும்?"

வேர் மூச்சு விடும்ங்கற விசயமே எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. பத்தாங்கிளாஸ்ல படிச்சிருப்போம், பரீட்சைக்கு எழுதிட்டு மறந்திருப்போம்.

உசுரோட இருந்த ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அவரு சிரிச்சாரு. ரெண்டு கவரோட அடியையும் எலி கடிச்சு வெச்சிருந்துச்சு! பெருசா, ரெண்டு விரல் போற அளவு ஓட்டை. ஆணிவேர் அந்த ஓட்டை வழியா வெளிய எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு. அதே கரிசல், அதே நார்த்தூள், அதே கோழிக்குப்பை. தண்ணி வடிஞ்ச கவர் ரெண்டும் பொழைச்சுது, நான் ஊசியால குத்தின கவர் எல்லாம் போச்சு. நான் தினமும் திட்டிட்டு இருந்த எலிதான் என்னை விட நல்லா நர்சரி நடத்தியிருக்கு.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, அதுலதான் எனக்கு நிஜமாவே உசுரு வந்துச்சு. "இந்த ரெண்டும் பொழைச்சு வந்தாலும் அந்தப் பழமே காய்க்கும்னு சொல்ல முடியாதுங். வருக்கைக் கொட்டை போட்டாலும் கூழன் வரும். அதே பழம் வேணும்னா ஒட்டுத்தான் கட்டோணும். அடிக்கன்னு எந்தப் பலாவா இருந்தாலும் ஆகுமுங். குச்சி மட்டும் உங்க மரத்துல எடுங்க."

பலாவுல அயல் மகரந்தச் சேர்க்கைதான் நடக்குது, அதனால கொட்டையில இருந்து வர்ற ஒவ்வொரு மரமும் ஒரு புது மரம். பாலூர்-1 மாதிரி நல்ல ரகங்களை ஒட்டுக்கன்னா விக்கறதுக்குக் காரணம் அதுதான். ஆக, நான் 40 கொட்டையைச் சாகடிச்சது பெரிய பாவமில்லை, மரம் நிக்கற வரைக்கும் வாய்ப்பு இருக்கு. ஆனா மரம் 2024 பொங்கல் வரைக்கும்தான் நிக்கும். அதுக்குள்ள ஒட்டுக் கட்டற அளவுக்குத் தண்டு திரண்ட, வேர் பிடிச்ச கன்னுக என் கையில இருக்கணும். பருவம் ஒண்ணே ஒண்ணு, 2023 ஜூன். மறுபடியும் களி கிண்டினா அவ்வளவுதான்.

அந்த வருசம் பூரா நான் படிச்சதும் கேட்டதும் மண்ணைப் பத்தித்தான். வீட்டுல கிண்டல் தாங்கல.

முதல்ல புரிஞ்சுக்கிட்டது, தரையில இருக்கற மண்ணும் கவர்ல இருக்கற மண்ணும் ஒண்ணு இல்லைங்கறது. தோட்டத்துல ஊத்தற தண்ணியக் கீழே இருக்கற மண்ணு இழுத்துக்கிட்டே போகும். கவருக்கு அடியில இழுக்க ஆளில்லை. அதனால கடைசி ரெண்டு மூணு அங்குலத்துல தண்ணி தேங்கி நின்னுடும், ஓட்டை இருந்தாலும் கொஞ்சம் நிக்கும். இதை நம்பாதவங்க பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சை நல்லா நனைச்சு, படுக்கை வாட்டத்துல புடிங்க. சொட்டுறது நிக்கற வரைக்கும் பொறுத்துட்டு, அப்படியே செங்குத்தாத் திருப்புங்க. இன்னுங் கொஞ்சம் தண்ணி சொட்டும். அதே ஸ்பாஞ்சு, உசரம் மட்டும்தான் மாறிச்சு. பலா மாதிரி ஆணிவேர் நீளமா எறங்கற கன்னுக்கு உசரமான கவர் ஏன் வேணும்ங்கறதுக்கு வேர் எறங்க எடம் வேணும்ங்கறது ஒரு காரணம்னா, இது ரெண்டாவது காரணம்.

தொட்டிக்கு அடியில ஓட்டாஞ்சில்லு, ஜல்லி போடற பழக்கம் நம்ம எல்லார் வீட்டுலயும் உண்டு. தண்ணி வடியறதுக்குன்னு சொல்லுவாங்க. பொடி மண்ணுல நிக்கற தண்ணி ஜல்லிக்குள்ள சுலபமா எறங்காது, ஜல்லிக்கு மேலயே தேங்கும். அதாவது ஈரமான அடிமண்ணை ரெண்டு அங்குலம் மேல தூக்கி வேருக்குப் பக்கத்துல வெக்கறோம், அவ்வளவுதான். எங்கம்மா இன்னும் ஒத்துக்கல.

அப்புறம், தண்ணி நின்னா வேர் மூச்சு முட்டறது பாதிக் கதைதான். தண்டு மண்ணைத் தொடற எடத்துல கறுத்து விழுந்துச்சே, அது நாற்றழுகல். பித்தியம்னு ஒரு பூஞ்சை மாதிரி உயிரி, அதோட வித்துக்களுக்கு வால் உண்டு, மண்ணுல நிக்கற தண்ணியில நீந்திப் போயி வேரைப் பிடிக்கும். நான் காலையும் சாயங்காலமும் அதுக்கு நீச்சல் குளம் ரொப்பிட்டு இருந்திருக்கேன்.

மஞ்சளானதுக்குக் காரணம் வேற. பச்சை நார்த்தூள்ல கரி எக்கச்சக்கம், தழைச்சத்து ரொம்பக் கம்மி. நம்ம வேளாண் பல்கலைக்கழகக் கணக்குல அந்த விகிதம் 112-க்கு 1. அதை மக்க வெக்க வர்ற நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து வேணும், பக்கத்துல எங்க இருந்தாலும் இழுத்துக்கும். கன்னுக்குப் போறது மிச்சம்தான். இதுல கோழிக்குப்பை போட்டோமே, ஈடு கட்டாதான்னு நானும் கேட்டேன். மக்காத கோழிக்குப்பையில அம்மோனியாவும் உப்பும்தான் முதல்ல வெளிய வரும், இளவேரைப் பொசுக்கிடும். இலை ஓரம் கருகினது அதனாலதான்.

இத்தனைக்கும் நார்த்தூளை மக்க வெக்கற முறை நம்ம கோயமுத்தூர்லயே பல வருசமாச் சொல்லிக் குடுக்கறாங்க. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. நார்த்தூள் ஒரு அடுக்கு, அது மேல காளான் வித்து, மறுபடியும் நார்த்தூள், அது மேல யூரியான்னு மாத்தி மாத்தி அடுக்கி, நெழல்ல ஈரம் காயாமப் பார்த்துக்கிட்டா ரெண்டு மாசம் போல ஆகும்போது கறுத்து, பொலபொலன்னு ஆயிடும். விகிதம் 24-க்கு 1 பக்கம் வந்துடும். பொள்ளாச்சி ரோட்டோரம் மலை மாதிரிக் குமிஞ்சு கெடந்த குப்பைதான் இன்னிக்குக் கட்டி கட்டியா அழுத்தி கப்பல் ஏறுது. ஐரோப்பாவுல சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கற பீட்டைக் குறைச்சுக்கறாங்க, அதுக்கு மாத்தா நம்ம தேங்காய்த் தொட்டி போகுது. வெளிநாட்டுக்காரன் வாங்கறப்போ உப்பு எவ்வளவுன்னு மீட்டர் வெச்சுப் பார்த்து வாங்கறான். நாம கடையில அரைக்கிலோ கட்டியை வாங்கி ஊற வெச்சு அப்படியே கொட்டறோம். ஊற வெச்ச தண்ணி டீ கலர்ல வரும் பாருங்க, அதை வடிச்சுட்டு ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசினாத்தான் உப்பு எறங்கும்.

கன்னு சாகறதைப் பார்த்து மண்டையைப் பிச்சுக்கிட்டது நான் மட்டுமில்லைன்னு தெரிஞ்சப்போ ஒரு அல்ப சந்தோசம். 1930-கள்ல இங்கிலாந்துல ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்துல லாரன்ஸ், நியூவெல்னு ரெண்டு பேரு இதே பாட்டைப் பட்டிருக்காங்க. ஆராய்ச்சிக்கு வளர்த்த நாத்துக செத்துக்கிட்டே இருந்திருக்கு. அது வரைக்கும் ஒவ்வொரு தோட்டக்காரனும் ஒவ்வொரு செடிக்கு ஒவ்வொரு ரகசியக் கலவை வெச்சிருப்பானாம். இவங்க வருசக் கணக்கா சோதனை பண்ணி, விதைக்கு ஒண்ணு, வளர்ற செடிக்கு ஒண்ணுன்னு ரெண்டே கலவையில கொண்டு வந்து நிறுத்தினாங்க. விதைக்கலவை, வண்டல் கலந்த நல்ல மண்ணு 2, பீட் 1, மணல் 1. மண்ணை மட்டும் ஆவியில வேக வெச்சு நோயைக் கொன்னுடணும். நம்மூர் நர்சரிகள்ல செம்மண் 2, மணல் 1, மக்கின எரு 1-ன்னு சொல்ற கணக்கோட இதை வெச்சுப் பாருங்க, பங்காளி மாதிரி இருக்கும்.

ஆனா அந்த 2:1:1-ஐ இன்னிக்கு அப்படியே செய்யறதுல ஒரு சிக்கல். மணல் எங்கீங்க இருக்கு? ஆத்து மணல் விக்கற வெலைக்கு வீடு கட்டறவங்களே வாங்க முடியல. எம்-சாண்ட் போடலாம்னு வாங்கினேன். அதுல பாறைப் பொடி மாவு மாதிரிக் கலந்து கெடக்கு. அதை அப்படியே கலந்தா இருக்கற சந்தையும் அடைச்சு சிமெண்ட் தளம் போட்ட மாதிரி ஆயிடும். சலிச்சு, பொடியைத் தள்ளி, குருணை மாதிரி இருக்கறதை மட்டும் எடுக்கணும். பாதி மூட்டை வேஸ்ட். பூச்சு வேலைக்குன்னு விக்கற பி-சாண்டைத் தொடவே கூடாது.

மணலுக்குப் பதிலா நர்சரிக்காரர் உமிக்கரி சொன்னாரு. பச்சை உமி இல்லை, பாதி எரிஞ்சு கறுப்பானது. லேசா இருக்கும், சீக்கிரம் மக்காது, காத்துக்கு எடம் விடும். வெளிநாட்டுல பெர்லைட்டுன்னு வெள்ளை வெள்ளையாப் போடறாங்களே, கிட்டத்தட்ட அந்த வேலையை இது பார்த்துக்கும். ரைஸ் மில் ஒண்ணுல கேட்டு, சாக்குக்கு மட்டும் காசு குடுத்து எடுத்துட்டு வந்தேன்.

கரிசலை விட்டுட்டேன். பருத்திக்கும் சோளத்துக்கும் அது தங்கம், கவருக்கு எமன். நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கி கவரை விட்டுத் தனியா நிக்கும், ஊத்தற தண்ணி ஓரமாவே ஓடிடும். போதாததுக்கு எங்க பக்கத்துக் கரிசல்ல சுக்கான் கல் கலந்திருக்கு. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன், நுரைச்சுது. சுண்ணாம்பு அதிகமா இருந்தா இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாது, இளந்தழை மஞ்சளா நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். என்னோட நாலு எலுமிச்சைக் கன்னும் எப்படிச் செத்துச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

2023 ஏப்ரல்ல செம்மண்ணை மாடியில அரை அடி கனத்துக்குப் பரப்பி, நனைச்சு, கண்ணாடி மாதிரி இருக்கற பாலிதீன் சீட்டைப் போட்டு மூடி, ஓரமெல்லாம் செங்கல் வெச்சு அஞ்சு வாரம் விட்டேன். கறுப்பு சீட்டு ஆகாது, வெயில் உள்ள போகணும். ஆவியில வேக வெக்கறதுக்கு நம்ம சித்திரை வெயில் எவ்வளவோ மேல், கேஸ் செலவு இல்லை.

கலவை சரியாங்கறதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஒரு பழைய பாட்டிலைக் கழுத்தோட அறுத்து, அடியில ஓட்டை போட்டு, ஓட்டையை டேப்பால ஒட்டிடுங்க. 1 லிட்டர் கலவையை ரொப்பி, மேல வரைக்கும் தண்ணி ஊத்தி ஊற விடுங்க. அப்புறம் டேப்பை எடுத்து, கீழ வடியற தண்ணியை அளங்க. எவ்வளவு தண்ணி வடியுதோ அவ்வளவு எடம் காத்துக்கு. என்னோட பழைய களிக்கலவை மிச்சத்துல வடிஞ்சது 40 மில்லி. நூத்துக்கு நாலு! பத்துக்குக் கீழ போகவே கூடாது, இருபது பக்கம் இருந்தா கன்னு சொகமா இருக்கும். புதுக்கலவை ஒவ்வொண்ணையும் இப்படி அளந்துதான் கவர்ல போட்டேன். சமையலறை அளவு குவளை காணாமப் போனது வேற பிரச்சினை :)

பண்ருட்டிப் பலா சீசன்ல உழவர் சந்தைக்குப் பக்கத்துல நாலு பழம் வாங்கினோம். 60 கொட்டை தேறுச்சு. மூணு கலவை, கலவைக்கு 20 கவர்.

ஒண்ணு, செம்மண் 2, சலிச்ச எம்-சாண்ட் 1, ரெண்டு வருசத்து மாட்டெரு 1. ரெண்டு, அலசின கோகோபீட் 3, மண்புழு உரம் 1, மண்ணே கிடையாது. மூணு, செம்மண் 2, மக்கின நார்க்கழிவு 1, உமிக்கரி 1, மாட்டெரு 1. மூணுலயும் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு, எருவோட கலந்து வெச்ச டிரைக்கோடெர்மா விரிடி. கவருக்குப் பக்கவாட்டுலயும் அடியிலயும் ஓட்டை, ஊசியால இல்லை, பேப்பர் பஞ்ச் வெச்சு. கவரையெல்லாம் கம்பி வலை மேல அடுக்கினேன், வேர் கீழ எட்டிப் பார்த்தா காத்து பட்டு நுனி காஞ்சு, உள்ள பக்கவேர் விடட்டும்னு. ஆர்.எஸ்.புரத்துல இருக்கற வன மரபியல் நிறுவனத்துல மரக்கன்னுகளை ரூட் டிரெய்னர்ல வெச்சு வளர்க்கறதும் இதே தத்துவம்தான். கோடு கோடா வரிவெச்ச குழல், அடியில தொறந்திருக்கும், வேர் சுத்திச் சுருளாம நேராப் போகும்.

முதல் ரெண்டு மாசம் மண்ணில்லாக் கலவைதான் ஜோரா வந்துச்சு. மத்ததை விட அரைச்சாண் உசரம். நானும் இதுதான் சூட்சுமம்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம்தான் சிக்கல் தெரிஞ்சுது. கோகோபீட்டு மேல பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். நான் ஊர்ல இல்லாத நாலு நாள் தம்பி தண்ணி ஊத்தினான், மேல காஞ்சிருக்கேன்னு நல்லாவே ஊத்திட்டான். அஞ்சு கன்னு போச்சு. இன்னொண்ணு, சோதனைக்கு ஒரு கவரைக் கிழிச்சுப் பார்த்தேன், பந்து உதிர்ந்து கையோட வந்துடுச்சு. பலாவுக்கு வேர் கலைஞ்சா ஆகவே ஆகாது. அந்தப் பந்தை உதிராம நட்டாலும், சுத்தி இருக்கற மண்ணு வேற, நடுவுல ஒரு ஸ்பாஞ்சுத் தீவு. தெனமும் வந்து பார்க்கற நர்சரிக்கு, சொட்டுநீர் போட்டு மீட்டர் வெச்சு நடத்தற எடத்துக்கு அது சரி. என்னை மாதிரி ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவுல செடி வளர்க்கறவனுக்கு மண்ணு கொஞ்சம் வேணும். நாம பண்ற தப்பை அது பொறுத்துக்கும்.

மூணாவது கலவை ஆரம்பத்துல மெதுவா வந்து செப்டம்பருக்குள்ள எட்டிப் பிடிச்சுது, தண்டும் மத்ததை விடத் திரட்சி. முதல் கலவை அதுக்குக் கொஞ்சந்தான் பின்னாடி. நேர்மையாச் சொன்னா, நல்ல மணல் கிடைக்கற ஊருக்காரங்க பழைய 2:1:1-ஐயே வெச்சுக்கலாம், உமிக்கரி தேடி அலைய வேண்டியதில்லை. எடை மட்டும் கொல்லும். 20 கவரை மாடி ஏத்தி முதுகு புடிச்சுக்கிச்சு.

தண்ணியைப் பத்திச் சொல்லாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி. எங்க வீட்டு போர் தண்ணி சப்பைத் தண்ணி, பக்கெட்டுல வெள்ளையாப் படியும். அதையே மாசக்கணக்குல ஊத்தினா எந்த நல்ல கலவையும் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்புச் சட்டியாயிடும். மழைத் தண்ணியை டிரம்முல புடிச்சு வெச்சேன், தீர்ந்தப்போ குழாய்ல வர்ற நல்ல தண்ணியில ரெண்டு குடம் திருடினேன். சிறுவாணித் தண்ணியக் கன்னுக்கு ஊத்தறியான்னு வீட்டுல நடந்த சண்டையை இங்க எழுத முடியாது.

நவம்பர்ல மழை ஈரம் இருக்கறப்போ ஒட்டுக் கட்டினோம். நர்சரிக்காரரே வந்தாரு. பத்து நாள் முன்னாடியே மரத்துல குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு வெச்சிருந்தோம், மொட்டு திரளட்டும்னு. காலையில குச்சி வெட்டி, ஈரத்துணியில சுத்தி, பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டு வந்தேன். அடிக்கன்னோட தலையை வெட்டி, நடுவுல பொளந்து, குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி எறக்கி, பாலிதீன் நாடாவால கட்டி, மேல பாக்கெட் ஐஸ் கவரைத் தொப்பி மாதிரி மாட்டினாரு. 24 கட்டினதுல 11 துளிர்த்துச்சு. பலாவுக்கு இது மோசமில்லைன்னு சொன்னாரு. அந்தப் பதினொண்ணுல ஏழு மூணாவது கலவை.

மரம் 2024 பிப்ரவரியில போச்சு. நான் பார்க்கப் போகல. மாமா போயிருந்தாரு.

பதினொண்ணுல ஒம்பது உறவுக்காரங்க தோட்டங்களுக்குப் போயாச்சு, ஒண்ணை மாமா கேட்டு வாங்கிட்டாரு, உடுமலைப் பக்கம் அவரு பொண்ணு வீட்டுல வெச்சிருக்காரு. கடைசி ஒண்ணு நடறதுக்கு எடமில்லாம எங்க மாடியிலயே பெரிய டிரம்முல நிக்குது. காய்க்க இன்னும் சில வருசம் ஆகும்.

போன தடவை அமுச்சி வந்தப்போ மாடிப்படி ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். இலையத் தொட்டுப் பார்த்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்த சின்ன கவர்க் கன்னு ஒண்ணை, நான் சொல்லிக் குடுக்காமலே, ஒத்தைக் கையில தூக்கிப் பார்த்துட்டுக் கீழ வெச்சுது.

"கனமாத்தான் இருக்குது சாமி. இன்னிக்குத் தண்ணி ஊத்தாத."

பி.கு: எலி கடிச்ச அந்த ரெண்டு கவர்க் கன்னுல ஒண்ணு இன்னும் இருக்கு. நெசமாவே கெணத்து மேட்டு மரத்தோட கொட்டை அது ஒண்ணுதான் மிச்சம். வருக்கையா கூழனான்னு யாருக்கும் தெரியாது. ஒட்டுக் கட்டச் சொன்னாங்க, நான் கட்டல.